இணைகோடு நின்ற இடம்

டெல்பின் டி.சி. கேட்டு மூன்றாவது முறையாக வந்து நின்றபோது, சங்கரவடிவு கையிலிருந்த டேப்லெட்டைச் சட்டென்று மேஜையில் குப்புறக் கவிழ்த்தாள்.

"இன்னைக்காவது கையெழுத்து ஆயிருக்கா மேடம்?"

"லைப்ரரில நோ டியூஸ் வரல டெல்பின்."

"போன வாரமே வாங்கிக் குடுத்துட்டேனே. ஹாஸ்டல், லேப், லைப்ரரி, ஸ்போர்ட்ஸ். நான் ஸ்போர்ட்ஸ் பக்கமே போனதில்ல, அங்கயும் வாங்கியாச்சு."

வடிவிடம் வேறு சாக்கு இல்லை. புள்ளியியல் பேராசிரியை அவள். வைப்பாறு பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவுக்கும் அவள்தான் தலைவி. படிப்பைப் பாதியில் விடுகிற பிள்ளை யாராக இருந்தாலும் அவள் கையெழுத்தில்லாமல் வெளியே போக முடியாது.

"ஏன் போறேன்னு சொல்லும்மா."

"அதான் சொன்னேனே. எங்க அம்மாவுக்கு ரெண்டு காதும் போச்சு. முப்பது வருசம் கடல்ல மூச்சடக்கி முங்கிப் பாசி எடுத்தவங்க. இனிமே முங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க செட்டுல எட்டுப் பேரு. ஒரு ஆளு கொறஞ்சா வள்ளம் போகாது." டெல்பின் கொஞ்சம் தயங்கினாள். "அது மட்டுமில்ல மேடம். எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. நான் கையால பிச்சு எடுத்த பாசிய இங்க பாட்டில்ல போட்டு வச்சு, அதுக்கு லத்தீன்ல பேர் எழுதச் சொல்லுதாங்க. எழுதிட்டேன். அப்புறம் என்ன செய்ய?"

"திங்கட்கிழமை வா."

அவள் போனதும் வடிவு டேபை நிமிர்த்தினாள். திரையில் இரண்டு கோடுகள். நீலக் கோடு, டெல்பின் இப்போது வாழ்கிற வாழ்க்கை. சாம்பல் கோடு, அவள் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேராமலே இருந்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடியது. அதற்கு இணைகோடு என்று பெயர். மதிப்பீட்டு ஆணையத்தின் இயந்திரம் ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று போட்டுத் தருகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் பல்கலைக்கழகம் அந்தப் பிள்ளைக்குச் செய்த நன்மை. எல்லா இடைவெளியையும் கூட்டிச் சுருக்கினால் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண். ஆய்வுக் கட்டுரை எத்தனை, கட்டிடம் எத்தனை சதுர அடி என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் ஒழிந்தது என்று நாடே கொண்டாடிய முறை. வடிவும் கொண்டாடியவள்தான்.

டெல்பினின் சாம்பல் கோடு முப்பத்தொன்று என்ற உயரத்தில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்து, இருபது வயது ஏழு மாதத்தில் செங்குத்தாகக் கீழே இறங்கிப் பூஜ்யத்தில் நின்றுவிட்டது. வருகிற அக்டோபர் பத்தொன்பதாம் தேதி. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

கோடு நின்றால் அதற்கு என்ன பொருள் என்று ஆணையம் எழுதிக் கொடுத்ததில்லை. கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

துணைவேந்தர் இன்பராஜுக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. அறைக்குள் சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். எதிரில் இருப்பவர் கழுத்து வலியோடுதான் வெளியே வருவார்.

"எத்தனை நாள் சார் இழுத்தடிக்கிறது?" என்று கேட்டாள் வடிவு.

"அக்டோபர் தாண்டட்டும். நம்ம மார்க் நாப்பத்து மூணு. நாப்பதுக்குக் கீழ போனா பட்டம் குடுக்குற உரிமை போயிரும். நம்மகிட்ட சாம்பல் கோடு நின்ன பிள்ளைங்க ஒம்பது பேரு. அவங்களுக்குத்தான் இடைவெளி பெருசு. அந்த ஒம்பது பிள்ளைங்கதான் மேடம் இந்தக் கட்டிடத்தத் தாங்கிட்டு நிக்குது. ஒருத்தி போனா மூணரை மார்க் காலி. ரெண்டாயிரத்து நானூறு பேரு அந்தரத்துல நிப்பாங்க."

"அப்ப மார்க்குக்காகத்தான் அவளப் பிடிச்சு வச்சிருக்கோம்."

இன்பராஜ் நின்றார். "மார்க்க விடுங்க. ஊருக்குப் போனா அந்தச் சாம்பல் கோடுதான் அவ வாழ்க்கை. அவ செத்துப் போவா மேடம். அது தெரிஞ்சும் கேட்டைத் தெறந்து விடச் சொல்லுதீங்களா?"

அவர் முகத்தில் இருந்தது பயமா கணக்கா என்று வடிவுக்குப் பிரித்தறிய முடியவில்லை. கழிவறைக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அதிலும் தெரியவில்லை.

அந்த ஒன்பது பேருக்கும் தனி ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வார்டன் ராஜாமணி காலையும் மாலையும் அறைக்கே போய், சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பார். அவர்களுக்கு எந்தத் தேர்விலும் தோல்வி கிடையாது. வெளியே போக அனுமதிச் சீட்டு கிடையாது. அறைத்தோழர்கள் வாரம் ஒருமுறை ரகசியமாக ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். காரணம் ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியப்படுத்துவது சட்டப்படி குற்றம்.

பத்து நாள் கழித்து டெல்பின் விண்ணப்பம் இல்லாமல், வெறுங்கையோடு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"நான் சாகப் போறேனா மேடம்?"

வடிவின் கை டேபின் மேல் போனது.

"என் ரூம்மேட் அழுதுட்டே சொல்லிட்டா. படிவம் நெரப்புறாளாம். நான் சோத்தத் தின்னேனா, கடலப் பாத்தேனான்னு. என்னமோ கோடாமே. காட்டுங்க."

குற்றம்தான். வடிவு டேபைத் திருப்பிக் காட்டினாள். எது எந்தக் கோடு என்று சொன்னாள். டெல்பின் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு எப்படித் தெரியும்?"

"உன்ன மாதிரி ஆயிரக்கணக்கான பொண்ணுங்களப் பாக்குது. உங்க ஊர், உங்க வயசு, உங்க வீட்டு நெலம. அவங்க ஆஸ்பத்திரிப் பதிவு, போன், பஸ், வேலை, எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்துட்டு, நீ இங்க வரலன்னா எப்படி இருந்திருப்பேன்னு போடுது."

"எங்க ஊர்ப் பொண்ணுங்களையா?"

"ஆமா."

டெல்பின் நிமிர்ந்தாள். "அப்ப எங்க ஊர்ல இருபது வயசுல கொத்துக் கொத்தா செத்திருக்கணுமே. யாரு செத்தா? எங்க பெரியம்மா மக சகாயராணி இருபது வயசுலதான் முங்கப் போனா. இப்ப ரெண்டு பிள்ள. பெர்சி போனா. விமலி போனா. எல்லாவளும் நேத்துக்கூட போன்ல எங்கிட்ட சண்டை போட்டாளுவ. ஒருத்தியும் சாகலையே மேடம்!"

வடிவு டேபைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளை அனுப்பிவிட்டு, ஆணையத்தில் வேலை பார்க்கும் ஃபைரோஸைக் கூப்பிட்டாள். பதினோரு வருடத்துக்கு முன் அவளிடம் புள்ளியியல் படித்தவன்.

"ஃபைரோஸ், கோடு நின்னா சாவுதானே?"

"யார் மேடம் அப்படிச் சொன்னாங்க?"

"எல்லாரும்."

"சாவாவும் இருக்கலாம் மேடம். ஆனா மெஷினுக்குச் சாவு தெரியாது. பதிவு வருதா வரலையா, அவ்வளவுதான் தெரியும். வர்றது நின்னுட்டா கோடு நின்னுரும். டவர் இல்லாத எடத்துல வேலை பாக்குறவங்க, போன் வச்சுக்காதவங்க, ஊரு விட்டு ஊரு போய் மேய்க்கிறவங்க, எல்லாருக்கும் அந்த எடம் காலிதான்."

"காலியிடத்துல ஏன்டா பூஜ்யம் போட்டீங்க?"

"காலியா விட்டா கூட்டல் ஓடல மேடம். முத வருசம் ரிசல்ட் தேதி நெருங்கிருச்சு. தற்காலிகமா பூஜ்யம் போட்டோம்." அவன் குரல் தாழ்ந்தது. "அப்புறம் எடுக்கல. இப்ப எடுத்தா தொள்ளாயிரம் பல்கலைக்கழகத்து மார்க்கும் மாறும். யாரு எடுக்க விடுவா?"

வடிவு போனை வைத்தாள். தரவில் விடுபட்ட இடங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிற முதல் நாள், கரும்பலகையில் அவள் எழுதுகிற முதல் வரி, 'காலியிடமும் பூஜ்யமும் ஒன்றல்ல' என்பது. இருபத்து நாலு வருடமாக எழுதுகிறாள். ஃபைரோஸும் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டவன்தான். ஒன்பது பிள்ளைகளின் கோட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கே அந்த வரி ஒருநாளும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் டெல்பினை உட்கார வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். "பதிவு நிக்கிறதாவும் இருக்கலாம். மத்ததாவும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா."

"எனக்குந்தான் தெரியாது. கடலுக்குப் போறவ யாருக்கு மேடம் தெரியும்?"

வடிவு கையெழுத்துப் போட்டாள்.

இன்பராஜ் அந்தத் தாளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். "அக்டோபர் இருபதாம் தேதி காலையில நீங்களே எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும். வேற யாரும் சொல்லி நான் கேக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

பட்டம் பெறாமல் போன பிள்ளைகளின் நீலக் கோடும் ஒரு வருடம் திரையில் ஓடும். அக்டோபர் பிறந்ததிலிருந்து வடிவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள். சோற்றைப் பிசைந்துவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுவாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டேபை எடுப்பாள். பதினேழாம் தேதி காலை எடுத்தபோது, டெல்பினின் நீலக் கோடு நின்றிருந்தது. இயந்திரம் தானாகவே ஒரு பூஜ்யத்தைப் போட்டு வைத்திருந்தது.

வடிவு அடுத்த பஸ்ஸைப் பிடித்து டெல்பினின் ஊரில் இறங்கினாள். கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நிழலில் டெல்பினின் அம்மா உட்கார்ந்து துணியைக் கிழித்து நாடா நாடாவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாறையில் பாசி பிடுங்கும்போது விரல் கிழியாமல் சுற்றிக்கொள்கிற துணி.

"டெல்பின் எங்கம்மா?" வடிவு கத்தினாள்.

அந்த அம்மாள் அவள் உதட்டைப் பார்த்தாள். பிறகு மூன்று விரலைக் காட்டி, கடலைக் கை நீட்டிக் காட்டினாள்.

மூன்று மணியா, மூன்று நாளா? கேட்டால் அவளுக்குக் கேட்காது. வடிவு மணலில் நின்றாள். உட்கார்ந்தாள். எழுந்து தண்ணீர் வரை போய்த் திரும்பினாள். சேலைக் கரை நனைந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு வள்ளம் தெரிந்தது. எட்டுத் தலைகளை எண்ணிவிட்டு, மறுபடி எண்ணினாள். ஏழாவது தலை முங்குகிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கையை ஆட்டியது.

"மேடமா! என்ன மேடம் இந்தப் பக்கம்?"

"உன் போன் எங்கடி?"

"மூணு நாளா எங்களுக்குத் தீவோரம்தான் வேல. நனைஞ்சிரும்னு போனை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போனேன். அவங்களுக்குத்தான் மணியடிச்சாலும் கேக்காதே, என்னத்துக்கு இதுன்னு அணைச்சு உள்ள போட்டுட்டாங்க."

வடிவு கரையிலிருந்தே இன்பராஜைக் கூப்பிட்டாள். "இருக்கா சார். நல்லாருக்கா."

நாற்காலி ஒன்று கிரீச்சிடும் சத்தம் கேட்டது. மனிதர் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

அந்த வாரமே வடிவு மீதி எட்டுப் பேரையும் அழைத்தாள். இனிச் சட்டத்தைப் பற்றிய பயம் அவளுக்கு இல்லை. கோட்டைக் காட்டி, விஷயத்தைச் சொல்லி, "பயப்படாதீங்கப்பா, அது வெறும் காலியிடம்" என்றாள். அறைத்தோழர் படிவம் நின்றது. வார்டன் போய்ப் பார்க்கிற ஏற்பாடும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

"அப்ப வார்டன் சார் இனிமே ரூமுக்கு வரமாட்டாரா மேடம்?" என்று கேட்டான் ஒரு பையன். இசக்கிராஜ். முதலாம் ஆண்டு வேதியியல். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வடிவும் சிரித்தாள்.

ஆணையத்துக்கு அவள் எழுதிய பதினான்கு பக்கக் கடிதத்துக்கு நாலு வரியில் பதில் வந்தது. கருத்து பதிவு செய்துகொள்ளப்பட்டதாம். டிசம்பரில் பட்டியல் வெளியானது. வைப்பாறு பல்கலைக்கழகம் முப்பத்தொன்பதரை. பட்டம் வழங்கும் உரிமை ரத்து. பிள்ளைகள் ஜூனுக்குள் வேறு வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவார்கள். மதிப்பீட்டுப் பிரிவையே மூடியாகிவிட்டது. எழுத்தர் பாக்கியம் மட்டும் பழைய அறையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரையை அணைக்கச் சொல்லி உத்தரவு வராததால் அது தன்பாட்டுக்கு ஓடியது.

இன்பராஜ் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் வடிவுக்கு முள்ளாக இருந்தது. வழியில் கண்டால் தலையசைத்துவிட்டுப் போவார். ரெண்டாயிரத்து நானூறு பேர் என்று அவர் சொன்னது, அவள் நடக்கும்போதெல்லாம் கூடவே வந்தது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலை, வடிவு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அந்த இசக்கிராஜோட நீலக் கோடு நேத்துலருந்து நின்னு கெடக்கு. ரெகார்டு வரல, அவ்வளவுதான். ஊருக்குப் போயிருப்பான், போன் சார்ஜ் போயிருக்கும்."

"ம்" என்றாள் வடிவு.

நாலு தாள் திருத்தினாள். ஐந்தாவது தாளில் எழுத்து கண்ணுக்குள் போகவில்லை. முன்பெல்லாம் ஒரு கோடு நின்றால் இந்த வளாகமே பதறும். இப்போது நின்றிருக்கிறது, பாக்கியம் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். காலியிடத்தில் அவர்கள் பூஜ்யம் எழுதினார்கள். நான் என்ன செய்தேன்? அதே காலியிடத்தில் நூறு எழுதினேன். இரண்டும் ஒரே தப்புதான்.

எழுந்து விடுதிக்கு ஓடினாள்.

"நீங்கதான மேடம் போய்ப் பாக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார் ராஜாமணி. அவர் குரலில் குத்தல் இல்லை. இசக்கிராஜின் அறை பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போனதாகப் பக்கத்து அறைப் பையன் சொன்னான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் அப்பாவை போனில் பிடித்தாள்.

"இசக்கியா? அவன் அங்கதான மேடம் இருக்கான்?" என்றார் அவர்.

வடிவு போனை வைத்தாள். பழைய அறைக்கு வந்து திரையின் முன் குனிந்தாள். நின்ற கோட்டின் கடைசிப் புள்ளியை அமுக்கினால் கடைசிப் பதிவு எங்கே என்று காட்டும். இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறையும் அமுக்கியதில்லை. அமுக்கினாள். மணியாச்சி ரயில் நிலையம். செவ்வாய், காலை ஒன்பது நாற்பது. பிளாட்பாரம் டிக்கெட் ஒன்று. பிளாட்பாரம் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒருவன் எந்த ஊருக்குப் போவான்?

ஆட்டோ அவளை மணியாச்சியில் இறக்கியபோது பகல் ஒன்றரை மணி. நிலையத்தில் இரைச்சல் இல்லை. தண்டவாளத்தைப் பார்க்கவே பயந்து, பெஞ்சுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். பிளாட்பாரத்தின் கோடியில், வேப்பமர நிழல் விழுந்த கடைசி பெஞ்சில் இசக்கிராஜ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் பை. பைக்கு அந்தப் பக்கம் கசங்கிய சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இன்பராஜ்.

அவர் அவளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நீங்க எப்படி சார்?"

"தெனமும் காலையில எட்டுப் பிள்ளைங்க நீலக் கோட்டையும் ஒருதரம் பாத்துருவேன். பழக்கமாயிருச்சு. இன்னைக்குப் பாத்தா இவன் நிக்கான். கடைசிப் புள்ளிய அமுக்கினா எடம் காட்டுதே. பத்தரைக்கெல்லாம் வந்துட்டேன். நேத்துலருந்து இங்கயேதான் இருந்திருக்கான்."

"மார்க்குதான் முடிஞ்சு போச்சே சார்."

"ஆமா" என்றார் இன்பராஜ். "நீங்க பேசி வச்சதும் அவங்க அப்பா பதறிட்டு எனக்கு அடிச்சாரு. பையன் எங்கூடத்தான் இருக்கான்னு சொல்லிட்டேன். கெளம்பி வாராரு. வந்து சேர ராத்திரி ஆகும்."

"என்ன சொல்லுதான்?"

"பேச மாட்டேங்கான். இட்லி வாங்கிக் குடுத்தேன், அரை இட்லி தின்னான். ஒண்ணே ஒண்ணு சொன்னான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வார்டன் தெனமும் ரெண்டு வேள வந்து சாப்பிட்டியான்னு கேப்பாராம். மார்க்குக்காகத்தான் கேட்டாருன்னு நீங்க சொன்னப்புறம் இவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரம் வந்தா, கதவையே பாத்துட்டு இருந்தானாம்."

வடிவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க போய்க் கொஞ்சம் உக்காருங்க. நான் மொகம் கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, குழாய் இருந்த பக்கம் நடந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வடிவு பெஞ்சருகே போய் நின்றாள். இசக்கிராஜ் தலை தூக்கவில்லை. உட்காரலாமா, கூப்பிடலாமா, முதலில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது ஒரு சரக்கு ரயில் நிலையத்துக்குள் நுழைந்தது. பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல், தடதடவென்று போனது. அது முழுக்கப் போய் முடியும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சத்தம் அடங்கியதும் இசக்கிராஜ் பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம் இருந்தது.